பழி சாத்தானுக்கு

டப்ளின் நகரத்துக்குத் தெற்கே மான்ட்பெலியர் என்றொரு குன்று. உயரம் 383 மீட்டர். உச்சியில் கதவும் ஜன்னலும் போன ஒரு கல்வீடு. அயர்லாந்து நாடாளுமன்ற சபாநாயகர் வில்லியம் கொனொலி, வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காக 1725 வாக்கில் கட்டியது. அங்கே கிடந்த ஆதிகாலத்துக் கல்லறை மேட்டைக் கலைத்து, அந்தக் கற்களையே சுவருக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். கொஞ்ச நாளில் ஒரு புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. செத்தவர் வீட்டைப் பிரித்தால் சாத்தான் சும்மா விடுவானா என்றது ஊர். கொனொலி அசரவில்லை. கல்லாலேயே வளைகூரை எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

இந்த வீட்டுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'ஹெல்ஃபயர் கிளப்', அதாவது நரக நெருப்பு மன்றம்.

மன்றம் உண்மையிலேயே இருந்தது. ரோஸ் பிரபு ரிச்சர்ட் பார்சன்ஸும் நண்பர்களும் 1735 வாக்கில் தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து ஃப்ரீமேசன்களுக்குத் தலைவராக இருந்த அதே ரோஸ்தான். கூடிய இடம் பெரும்பாலும் கார்க் ஹில்லில் இருந்த ஈகிள் மதுக்கடை. ஆட்சி நடந்த டப்ளின் கோட்டைக்குப் பக்கத்திலேயே! குன்றின் மேல் கூடினார்கள் என்பதற்கு ஆதாரம் சொற்பம். ஆனால் கதைகளுக்குக் குன்றுதானே வசதி? சாத்தானுக்கென்று காலி நாற்காலி போட்டார்களாம். வெண்ணெய் உருக்கிய சூடான விஸ்கியை, ஸ்கால்தீன் என்பார்கள், குடம் குடமாகக் குடித்தார்களாம். சீட்டாட வந்த அந்நியனின் கால் குளம்பாக இருந்ததாம். இந்தக் குளம்புக் கதையை வெக்ஸ்ஃபோர்டில் லாஃப்டஸ் ஹாலிலும் சொல்வார்கள். ஒரே சாத்தான், பல வீடுகள்.

உறுப்பினர்களின் முகம் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்குப் போகலாம். ஜேம்ஸ் வொர்ஸ்டேல் வரைந்த படத்தில் மேசையைச் சுற்றி ஐந்து கனவான்கள், கையெட்டும் தூரத்தில் கோப்பைகள். வரைந்தவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஐவரில் ஒருவர் சான்ட்ரி பிரபு ஹென்றி பேரி.

1738 ஆகஸ்ட் 9, பாமர்ஸ்டவுன் சந்தை நாள். அங்கிருந்த மதுக்கடையில் சான்ட்ரிக்கு போதை தலைக்கேறி, உடன் குடித்த ஒருவரோடு தகராறு. வாளை உருவப் பார்த்தார், வரவில்லை. ஆத்திரத்தோடு சமையலறைப் பக்கம் போனவருக்கு எதிரே, கடையில் எடுபிடி வேலை செய்த லாஃப்லின் மர்ஃபி வந்தான். எவனாவது வாயைத் திறந்தால் கொல்வேன் என்று பிரபு சத்தியம் செய்தார். மர்ஃபி ஏதோ சொன்னான். வாள் இறங்கியது. கடைக்காரர் கையில் நான்கு பவுண்டைத் திணித்துவிட்டுப் பிரபு கிளம்பிவிட்டார். மர்ஃபி ஆறு வாரத்துக்கும் மேல் கிடந்து, செப்டம்பர் 25 அன்று செத்தான்.

பிரபுவை விசாரிக்கப் பிரபுக்களால்தான் முடியும். 1739 ஏப்ரலில் நாடாளுமன்ற மாளிகையில் வழக்கு நடந்தது. மர்ஃபிக்கு முன்பே நோய் இருந்தது, இல்லையென்றால் எலி கடித்திருக்கும் என்றெல்லாம் சான்ட்ரியின் தரப்பு வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. 23 பிரபுக்களும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள், மரண தண்டனை.

ஆனால் தலை தப்பியது. மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மன்னித்துவிட்டார். மாமா சர் காம்ப்டன் டோம்வில், தன் நிலத்து வழியே டப்ளினுக்குப் போகும் டாடர் ஆற்றுத் தண்ணீரை அடைத்துவிடுவேன் என்று மிரட்டினாராம். இதில் எவ்வளவு உண்மையோ, ஊர் அதை நம்பியது என்பதே அந்த மாமாவின் செல்வாக்குக்குச் சான்று. பட்டம் பறிபோனாலும் சொத்து பின்னால் திரும்பி வந்தது. 1751இல் சான்ட்ரி இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இறந்தார்.

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பதை ரோஸ் பிரபு தன் கடைசி நாளிலும் செய்து காட்டினார் என்றொரு கதை உண்டு. 1741இல் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, சூது, குடி, தெய்வ நிந்தனை என்று வரிசைப்படுத்தி, இப்போதாவது மனம் திரும்புங்கள் என்று ஒரு மூத்த பாதிரியார் கடிதம் அனுப்பினார். உள்ளே பெயர் இல்லை. 'பிரபுவே' என்று மட்டும் இருந்தது. ரோஸ் அதை வேறு உறையில் போட்டு, பக்திமானாகப் பெயரெடுத்த கில்டேர் பிரபுவுக்கு அனுப்பிவைத்தார். கில்டேர் கொதித்துப்போய்ப் பாதிரியார் மேல் பாய்ந்தார். குழப்பம் தீர்வதற்குள் ரோஸ் கண்ணை மூடிவிட்டார்.