பரியாயப் பதங்களும் ஒரு சீமாட்டியும்

அரசனுக்கு உரியது என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என மூன்று பதங்கள் உண்டு. முதலாவது அந்த மண்ணின் பழஞ்சொல். இரண்டாவது, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்டபின் பிரெஞ்சு வழியாகக் குடியேறியது. மூன்றாவது லத்தீன் வாசனை மாறாதது. அரண்மனைக்கு ‘ராயல்’ பொருந்தும். ஒரு மாதரசியின் கம்பீர நடைக்கு ‘ரீகல்’ என்றால்தான் சோபிக்கும். பிறந்த மொழியாகப் பேசுகிறவன் காதாலேயே அறிந்துகொள்ளும் இந்தச் சூக்ஷ்மம், கற்க வந்த அந்நியனுக்குப் பெரும் தலைவேதனை.

இத்தகைய பேதங்களை ஆராயும் வித்தைக்குப் பிரான்ஸில் 1718-இல் வழி வகுத்தவர் அபே ஜிரார். அவரைப் பெரும்பாலும் அடியொற்றி 1766-இல் ஆங்கிலத்தில் நூல் செய்தவர் ஜான் டிரஸ்லர் என்ற பாதிரியார். (கையெழுத்தைப் போலவே தோன்றும் அச்சில் பிரசங்கங்களை அடித்து, சக பாதிரிமார்களுக்கு விற்ற மகானுபாவரும் இவரே, அசலுக்கும் போலிக்கும் உள்ள பேதம் இவருக்குத் தெரியாமலா இருக்கும்?)

ஆனால் இந்த வித்தைக்கு ஜீவன் கொடுத்தவள் ஒரு ஸ்திரீ என்பேன். ஸதக்கில் மதுவடிசாலை நடத்திய ஹென்றி திரேலின் மனைவியாய், 1755-இல் பேரகராதி வெளியிட்ட ஜான்சனைப் பல ஆண்டுகள் தன் இல்லத்தில் உபசரித்து, அவருடைய சம்பாஷணையில் ஊறி, கணவன் மறைந்தபின் 1784-இல் பியோட்ஸி என்னும் இத்தாலிய சங்கீத ஆசிரியரை மணந்து, அதனால் ஜான்சனின் நட்பையும் ஊராரின் மதிப்பையும் ஒருங்கே இழந்த ஹெஸ்டர் லிஞ்ச் பியோட்ஸிதான் அவள். 1794-இல் அவள் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘பிரிட்டிஷ் சினானிமி’ ஆங்கிலம் பயிலும் அந்நிய நண்பர்களுக்கே சமர்ப்பிக்கப்பட்டது. செவ்வையாக எழுதக் கற்பிப்பது ஆண்களின் காரியம், வீட்டுப் பேச்சில் தக்க சொல்லைத் தெரிந்தெடுக்க உதவுவதே தன்னாலாவது என்று அவள் முன்னுரையில் அடக்கமாகச் சொல்லிக்கொண்டாலும், அந்த அடக்கத்துக்குள் சற்றே கர்வமும் ஒளிந்திருக்கிறது. இலக்கணக்காரனின் சூத்திரம் அவளிடம் இல்லை. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, விருந்துமேஜைக் கதை ஒன்றில் புகுந்து, வழிதவறி, மீண்டு வருவாள். இத்தாலியக் கணவருடன் குடித்தனம் நடத்தியவளுக்கு, எந்தச் சொல்லில் அந்நியன் இடறுவான் என்பதை எந்தப் பண்டிதரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

1816-இல் ஜார்ஜ் கிராப் இயற்றிய நூல் நெடுங்காலம் பன்முறை பதிப்பிக்கப்பட்டது; அதன் ஒழுங்கு பெரிது, சுவை குறைவு. 1851-இல் டப்ளின் பேராயர் வேட்லி பதிப்பித்ததாக வந்த சிறு நூலை உண்மையில் எழுதியவள் அவருடைய மகள். முகப்பில் அவள் பெயர் இல்லை. மறு ஆண்டே, 1805-இல் தொடங்கிய தம் சொற்றொகுதியை வைத்தியர் ரோஜெட் வெளியிட்டார். ஒத்த பதங்களை ஓரிடத்தில் குவித்து வைத்த அவர், அவற்றுள் எதை எங்கே எடுப்பது என்ற தொல்லையை வாசகனிடமே விட்டுவிட்டார்.