தோ பாயோவில் வேரூன்றிய சாவோலின் கலை

‘தோ’ எனும் ஹொக்கியன் சொல்லுக்குப் ‘பெரிய’ என்பது பொருள்; ‘பாயா’ எனும் மலாய்ச் சொல் சதுப்பு நிலத்தைக் குறிக்கும். 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பும் வரை, தோ பாயோ தன் பெயருக்கேற்பச் சேறும் தோட்டங்களும் குடிசைகளுமாகவே இருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்கு ஓங்கி நின்றது சுவாங் லின் பௌத்த மடாலயம். ஹொக்கியன் வழக்கில் அது சியோங் லிம். தென் சாவோலின் தற்காப்புக் கலை சிங்கப்பூரில் வேரூன்றிய இடங்களுள் இம்மடம் தலையாயது எனலாம்.

சாவோலின் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழும் பெயர் போதிதருமர். காஞ்சி அரசகுமாரரான அவரே சீனருக்கு இக்கலையைக் கற்பித்தார் என மேடைதோறும் முழங்குகிறோம். வரலாறு அத்துணை எளிதன்று. ஹெனான் மாநிலத்துச் சாவோலின் மடம் கி.பி. 495இல் எழுந்தது, பத்ர எனும் வேறோர் இந்தியத் துறவிக்காகவே. போதிதருமர் தென்னிந்தியர் என ஒரு பழஞ்சீனக் குறிப்பு கூறும். பாரசீகர் என்று கூறும் 6ஆம் நூற்றாண்டு நூலும் உண்டு. அவரைப் போர்க்கலையோடு இணைக்கும் சுவடியோ 17ஆம் நூற்றாண்டினது. தியானநெறியின் ஆசான் என அவரைப் போற்றுவதற்குத் தடையேதும் இல்லை. சிலம்பத்துக்கும் சாவோலின் கம்புக்கும் உறவு கற்பிப்பதற்கு மட்டும் சான்று போதாது.

‘சுவாங் லின்’ என்பதற்கு இரட்டைச் சோலை என்பது பொருள். குசிநகரில் இரு சால மரங்களுக்கிடையே புத்தர் பரிநிர்வாணம் எய்தியதை அது நினைவூட்டும். பூஜியன் மாநிலத்திலிருந்து வந்து பெருவணிகரான லோ கிம் போங் 1898இல் நிலமளித்து இதனை நிறுவினார். இலங்கை யாத்திரை முடித்துத் திரும்பிய துறவி சியான் ஹுயி முதல் மடாதிபதியானார்.

1939இல், ஜப்பானியப் படையெடுப்புக்கு ஆளான சீனாவுக்குச் செல்ல முன்வந்த வாகன ஓட்டுநர்களுக்கு இம்மடம் பயிற்சிக்களமாயிற்று. அதற்குத் துணைநின்ற மடாதிபதி பூ லியாங் 1942இல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார்.

போருக்குப்பின் அப்பீடம் ஏறியவர் காவ் சான். ஹொக்கியனில் செக் கோ சம். தாம் இளமையில் பூஜியனில் பயின்ற கலையை 1950களில் மடத்து வளாகத்திலேயே இல்லறத்தாருக்கும் கற்பிக்கலானார். துறவிகளுக்குள்ளேயே காக்கப்பட்டிருக்கக்கூடிய வித்தை வெளியாரிடம் சென்றமையே அது பிழைத்ததற்குக் காரணம் என்பது மிகையன்று. தாவிக் குதிப்பதும் உதைப்பதும் பின்னரே. குதிரைமேல் அமர்ந்தாற்போல் முழங்கால் மடக்கி அசையாது நிற்பதே தென்னகச் சீனக் கலைகளில் முதற்பாடம். நம் சிலம்ப ஆசான்கள் வர்மமும் அறிந்திருந்தாற்போல், சீன ஆசான்களிடம் எலும்பு பொருத்தும் மருத்துவமும் உடனுறையும்.

1960இல் காவ் சான் மறைந்தார். இரகசியச் சங்கங்களின் அச்சம் நிலவிய காலம் அது. கூடிப் பயில விரும்புவோர் சங்கமாகப் பதிவு பெற்றாக வேண்டும். அவருடைய மாணாக்கர் அவ்வாறே சங்கம் அமைத்துத் தம் மாணாக்கருக்குக் கற்பித்தனர். கலை மலேசியாவுக்கும் பரவிற்று. மடத்தைச் சுற்றி அடுக்குமாடிகளும் விரைவுச்சாலையும் எழுந்தன. 1980இல் மடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் தொடங்கிய புதுப்பிப்புப் பணி பத்தாண்டு நீடித்தது.