எல்லைப்புறத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பாடத்திட்டமும்

பள்ளி என்னும் சொல் தமிழருக்கு ஒரு பொருளும் மலையாளிகளுக்கு வேறொரு பொருளும் தருவது. மூணாற்றுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குப் போய் வந்ததாகச் சொன்னால், அவன் பாடம் படித்து வந்தான் என்று தமிழர் கொள்வர். வழிபாட்டுக்குச் சென்று வந்தான் என்று மலையாளிகள் கொள்வர். மலையாளத்தில் பள்ளி என்பது கிறிஸ்தவ ஆலயத்தையும் மசூதியையும் குறிக்கும். கல்வி பயிலும் இடம் பள்ளிக்கூடம். கேரளத்தின் எல்லைப்புறங்களில் இவ்விரண்டும் பலவிடத்து ஒரே வளாகத்துக்குள் அடங்கியிருக்கக் காணலாம். ஆலயத்தை ஒட்டி எழுந்த அப்பள்ளிக்கூடங்களில் பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள தமிழ்ப் பிள்ளைகள் எதனை, எம்மொழியில் பயின்று வந்தனர், அதனை வகுத்தவர் யாவர் என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது அயலார் கதையன்று என்பது போகப் போக விளங்கும்.

கேரள மண்ணில் கத்தோலிக்கர் தமிழைக் கற்றதும் கற்பித்ததும் நேற்றுத் தொடங்கிய செயலன்று. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதல் அச்சேறிய நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என வழங்கப்பெறும் போர்த்துக்கீசியத் துறவியார் அமைத்தளித்த அச்சிறு நூல், பதினாறே பக்கங்கள் கொண்ட ஒரு மறைக்கல்விப் பாடப்புத்தகம். அதற்கு நூறாண்டுகள் கழித்து, 1679-இல், இன்றைய திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த அம்பழக்காட்டில் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி ஒன்று அச்சாயிற்று. அதனைத் தொகுத்தவர் அன்டம் டி புரோயென்சா என்னும் சேசு சபைத் துறவியார். ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் பயிலுவதற்கென்றே கேரளத்தில் அச்சான நூல் அது. ஆக, பாடப்புத்தகம், தமிழ், கத்தோலிக்கம் ஆகிய மூன்றும் மலைநாட்டில் ஒன்று சேர்ந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

எனினும், ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் வந்து அமரும் பள்ளிக்கூடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பெருகின. 1864-ஆம் ஆண்டு குரியாக்கோசு எலியாசு சாவரா என்னும் அருட்தந்தை, ஆலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் அமைத்தல் வேண்டும் என்று சுரியானிக் கத்தோலிக்கப் பங்குகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1854-இல், சார்லசு வுட் விடுத்த கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசினர் உதவித்தொகை வழங்கும் முறைக்கு வழிவகுத்திருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோது ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. கட்டடம் திருச்சபையினுடையது, ஆசிரியரை அமர்த்துபவர் பங்குத் தந்தை, உதவித்தொகையோ அரசினர் தருவது. உதவித்தொகை வந்த வழியே பாடத்திட்டமும் வந்தது. மறைக்கல்வி தனக்கென ஒரு வேளையில் ஒதுங்கிக்கொள்ள, ஏனைய நேரமெல்லாம் அரசு வகுத்த பாடங்களுக்கு உரியதாயிற்று. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் தன் 28-ஆம் பிரிவில், அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் இசைவின்றிச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்று விதித்து, இந்தப் பாகுபாட்டை உறுதி செய்தது.

இனி நாம் எடுத்துக்கொண்ட இரு நிலப்பகுதிகளையும் நோக்குவோம். அவை இரண்டும் ஒரே மாநிலத்துள் அடங்குபவையேனும், வந்த வழி வேறு வேறு. பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாய்ச் சென்னை மாகாணத்தில் இருந்தது. அதன் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களைக் கொண்ட சிற்றூர் வட்டமோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. மலைத்தொடரில் உள்ள கணவாய் கோயம்புத்தூரையும் பாலக்காட்டையும் ஒரே சந்தையாக்கியது போலவே ஒரே மறைத்தளமாகவும் ஆக்கியது. கோவை மறைத்தளம் 1850-இல் தனியாகப் பிரிக்கப்பட்ட பின்பு, பாலக்காட்டு இலத்தீன் கத்தோலிக்கர் நெடுங்காலம் அதன் கீழேயே இருந்தனர். 2013-ஆம் ஆண்டு சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தபோதுதான் அத்தொடர்பு நீங்கிற்று. மாநில எல்லை 1956-இல் மாறிவிட்டது. திருச்சபையின் எல்லை மாறுவதற்கு மேலும் ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன! பாலக்காட்டு நகரில் காணிக்கை மாதாவின் பெயரால் விளங்கும் கன்னியர் பள்ளி, கோவைத் தொடர்பை இன்றும் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது.

இடுக்கியின் கதை வேறு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய பகுதிகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. காடாய்க் கிடந்த அம்மலைகளில் தேயிலையும் ஏலமும் பயிராகத் தொடங்கியபின், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் தொழிலாளரை அழைத்து வந்தனர். கண்ணன் தேவன் மலைக் கம்பெனி 1897-இல் உருவாயிற்று. மறு ஆண்டே மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயம் தோன்றிற்று. அங்கே பணிபுரிந்தவர்கள் கார்மேல் சபைத் துறவியர். 1930-இல் விசயபுரம் மறைமாவட்டம் அமைந்தபோது, மலைத்தோட்டங்களும் அதனுள் அடங்கின. பாலக்காட்டில் தமிழன் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு வாழ்ந்தவன். மூணாற்றில் அவன் வேலைக்கு வந்தவன். பள்ளியில் அமர்ந்த அவர்தம் பிள்ளைகளின் வேறுபாடும் இதுவே: முன்னவன் உழவர் வீட்டுப் பிள்ளை, பின்னவன் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், தகப்பனின் வேலை போனால் இவனுக்கு வீடும் போகும், பள்ளியும் போகும்.

1956-க்கு முன்னர் மலபாரில் நடுநிலைக் கல்வி என்பது முதற்பாரம் முதல் மூன்றாம்பாரம் வரை. தாய்மொழி, ஆங்கிலம், கணக்கு, சரித்திரம், பூகோளம், இயற்கைப் பாடம் என்பன அதன் உறுப்புகள். சென்னை மாகாணம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் தன்னுள் கொண்டிருந்தமையின், ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் அடுத்தடுத்து இருப்பது அங்கே வியப்பாகத் தோன்றவில்லை. திருவிதாங்கூரிலும் தமிழும் மலையாளமும் நாட்டு மொழிகளாகவே கருதப்பட்டன. ஆனால் அங்கே வட்டாரமொழிப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி என இரு பாதைகள் இருந்தன. உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இட்டுச் சென்றது இரண்டாவது பாதை. அன்றே பெற்றோர் நெஞ்சில் விழுந்த அவ்விதை பின்னாளில் மரமாயிற்று.

1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலபாரும் கேரளத்தோடு இணைந்தது. பாலக்காடு 1957-லும், இடுக்கி 1972-லும் தனி மாவட்டங்களாயின. முந்தின நாள் வரை தம் ஆட்சிப் பரப்பின் மொழிகளுள் ஒன்றைப் பேசியவர்கள், மறுநாள் மொழிச் சிறுபான்மையினர் என்னும் புதிய பெயர் பெற்றனர்.

இப்பெயருக்கு ஒரு பாதுகாப்பும் உடன் வந்தது. அரசியல் சட்டத்தில் அவ்வாண்டே சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி கிடைக்கச் செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலுதல் வேண்டும் என்கிறது. சட்ட வாசகங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவதே தொழிலாகக் கொண்ட நம்போன்றோர், ‘தருதல் வேண்டும்’ என்பதற்கும் ‘தர முயலுதல் வேண்டும்’ என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை நன்கு அறிவோம். அன்றியும், அப்பிரிவு பேசுவது தொடக்க நிலையைப் பற்றியே. அதன்மேல் பிள்ளை எம்மொழியில் கற்பது என்பதை எண்ணிக்கையே முடிவு செய்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழி ஆசிரியர் ஒருவரை அமர்த்தல் வேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தொடக்க நிலைக்கென வகுத்த விதி. உயர்நிலைக்கு வகுத்த விதியிலோ எண்ணிக்கை இன்னும் கூடுதல். நடுநிலை வகுப்புகள் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலம் போல் நிற்கின்றன. பாலம் பழுதானால் இக்கரையில் கற்ற தமிழ் அக்கரை சேராது.

கத்தோலிக்கப் பள்ளிகளில் இச்சிக்கலுக்கு மற்றொரு முடிச்சும் உண்டு. கேரளத்தின் முதல் அமைச்சரவை 1957-இல் கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி நிர்வாகங்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1958-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஆராய்ந்து, சிறுபான்மையோர் தம் கல்வி நிலையங்களை நடத்திக்கொள்ள 30-ஆம் பிரிவு தரும் உரிமையை வலியுறுத்திற்று. ஆனால், அங்கே காக்கப்பட்டது நிர்வாகத்தின் சமயச் சிறுபான்மை உரிமை. வகுப்பில் அமர்ந்துள்ள தமிழ்ப் பிள்ளையின் மொழிச் சிறுபான்மை உரிமை வேறு. ஒரே கூரையின் கீழ் இரண்டு சிறுபான்மைகள் வாழ்கின்றன. ஒன்றின் உரிமைக்கு உறுதியான சட்டமும் வழக்காடும் வலிமையும் உண்டு. மற்றொன்றின் உரிமை வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை உணராமல் பள்ளி நிர்வாகத்தை நோவதிலும் பயனில்லை, நம்பியிருப்பதிலும் பயனில்லை.

இன்று கேரளத்தில் நடுநிலை எனத் தக்கது ஐந்து முதல் ஏழு வரையுள்ள மேல் தொடக்க வகுப்புகள். தமிழ்நாட்டில் அது ஆறு முதல் எட்டு வரை. கேரளத்து அரசுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்தே இந்தியும் ஒரு பாடம். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் அது இல்லை. மூணாற்றுப் பிள்ளை ஒருவன் ஆறாம் வகுப்பிற்குப் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தால், கற்ற இந்தி பயன்படாமற் போகும். பாடங்களின் வரிசையும் மாறும். அங்கிருந்து இங்கு வருபவனுக்கோ, தொடங்காத இந்தி சுமையாகும். கேரள அரசு அறிவியல், சமூக அறிவியல், கணித நூல்களைத் தமிழிலும் அச்சிட்டு வழங்கி வருவது பாராட்டுக்குரியது. அங்குள்ள வரலாற்று நூலிலும் பண்டைத் தமிழகமும் ஐந்திணைகளும் இடம்பெறுகின்றன. சேரநாடு இரு மொழியினர்க்கும் பொதுவான பாட்டன் வீடு அன்றோ! சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் விளங்குகிறது. எனவே, தமிழ்வழியே செல்லும் பாதை அடைபட்டுவிடவில்லை. நடப்பவர் குறைந்து வருவதே இடர்.

ஏன் குறைகின்றனர்? ஆங்கிலவழிக் கல்வியைப் பெற்றோர் விரும்புகின்றனர். நல்ல ஆங்கிலத்துக்குக் கன்னியர் பள்ளிகள் பெயர் பெற்றவை. தோட்டத் தொழிலாளி தன் மகள் தேயிலைக் கூடையைத் தூக்கலாகாது என்று எண்ணுவதில் குற்றம் காண எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையாகத் தமிழ்ப் பிரிவை விட்டு நீங்க, வகுப்பில் பத்து என்பது ஒன்பதாகிறது. ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்தது ஆதலின், ஓய்வு பெறும் தமிழாசிரியரின் இடம் நிரப்பப்படாமற் போகிறது. பின்னர், தமிழில் பயில விரும்பும் பிள்ளைக்கும் வழியில்லை. பாதுகாப்புக்கென வகுத்த எண்ணே தடையாக மாறும் விதம் இது.

இதில் ஒரு மாநிலத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றிற்று. கேரளம் 2017-இல் மலையாளத்துக்கு அவ்வாறே இயற்றிற்று. ஒன்று கோவையிலுள்ள மலையாளிக் குடும்பத்தைத் தொட்டது. மற்றொன்று தேவிகுளத்திலுள்ள தமிழ்க் குடும்பத்தைத் தொட்டது. வாழும் நாட்டின் மொழியைக் கற்பது பிள்ளைக்கு நலமே. தாய்மொழியின் இடத்தில் அதனை அமர்த்தாமல், அதன் பக்கத்தில் அமர்த்துவதே அறிவுடைமை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை, இயன்றவரை, தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. ஆயினும், அச்சட்டம் சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்னும் ஐயத்தை 2025-இல் அந்நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு எழுப்பியுள்ளது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இதிலிருந்து கொள்ளத் தக்கது யாது? தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923 முதல் வளர்ந்து ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பை மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. இவை தாமே தோன்றியவை அல்ல. கேட்டவர் இருந்தமையால் தோன்றியவை. மொழிச் சிறுபான்மையினர்க்கான பாதுகாப்புத் திட்டத்தில் அதிகம் அறியப்படாத ஓர் ஏற்பாடு உண்டு: பள்ளி ஆண்டு தொடங்குமுன்னரே பிள்ளையின் மொழி விருப்பத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும், ஒரு பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் அண்டைப் பள்ளியின் பிள்ளைகளோடு சேர்த்துக் கொள்ளுதல் வேண்டும் என்பது அது. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதால் என்ன பயன்? நான்காம் வகுப்பு முடியும் பருவத்திலேயே, அண்டையிலுள்ள பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி எழுத்து மூலம் விண்ணப்பிப்பார்களாயின், பள்ளியை நடத்துபவர் திருச்சபையாயினும் அரசாயினும், அவ்விண்ணப்பத்துக்கு எழுத்து மூலமே விடை கேட்க இயலும். எல்லைப்புறத்துப் பள்ளிகளில் தமிழ்ப் பிரிவு நிலைபெறுவதும் மறைவதும் இத்தகைய சிறு செயலைப் பொறுத்தே இருக்கின்றன.