குர்மே

உணவின் தரத்தையும் மதுவின் தரத்தையும் நாக்கில் பட்டதுமே பிரித்தறியக்கூடியவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நிறையச் சாப்பிடுகிறவரை அல்ல, தேர்ந்து சாப்பிடுகிறவரைச் சொல்வது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே உணவுக்கும் அடைமொழியானது.

இன்று பணக்கார வாசனை அடிக்கும் இச்சொல்லின் பிறப்பு எளியது. மது வணிகரிடம் எடுபிடி வேலை பார்த்த பையனுக்குப் பழைய பிரெஞ்சில் ‘குரோமே’ என்று பெயர். பீப்பாய்களுக்கு நடுவே வளர்ந்து ருசி பழகியவன், நாளடைவில் சரக்கின் தரம் சொல்லும் தேர்வாளன் ஆனான். 1694-இல் வெளிவந்த பிரெஞ்சு அகாதமி அகராதியின் முதல் பதிப்பும் மதுவைச் சுவைத்தறியத் தெரிந்தவர் என்றுதான் பொருள் சொல்கிறது. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

சாப்பாட்டுப் பிரியருக்கு அப்போதிருந்த சொல் ‘குர்மான்’. நம் ஊர் ‘சாப்பாட்டு ராமன்’ மாதிரி ஏளனம் கலந்தது. அதன் உறவுச் சொல்லான ‘குர்மாந்தீஸ்’தான் திருச்சபையின் ஏழு தலையான பாவங்களில் ஒன்றுக்கு, தமிழ்க் கத்தோலிக்கர் ‘போசனப்பிரியம்’ என்று சொல்வதற்கு, பிரெஞ்சுப் பெயர். ரசித்து உண்பதும் பெருந்தீனியும் ஒன்றல்ல, அச்சொல்லை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று போப்புக்கு விண்ணப்பம் எழுதினார் 2002-இல் மறைந்த பாரிஸ் ரொட்டிக் கலைஞர் லியோனல் புவாலான்.

அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அந்த வாதம் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்கள் சிதற, அவர்களது சமையற்காரர்களில் பலர் உணவகம் திறந்தார்கள். கையில் புதுப்பணம் வந்தவர்களுக்கு எங்கே, எதை உண்பது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. கிரிமோ த லா ரெய்னியேர் 1803 முதல் ‘குர்மான்களின் பஞ்சாங்கம்’ வெளியிட்டார். உணவு விமர்சனம் என்ற துறைக்கே அதுதான் முன்னோடி. நீதிபதியான பிரிய்யா-சவரேன் 1825 டிசம்பரில் வெளியிட்ட ‘சுவையின் உடலியல்’ நூலும் குர்மாந்தீஸுக்காகவே வாதாடியது. ஆனால் அந்தக் கௌரவம் குர்மானிடம் நிலைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு நகர நகர அது மதுக்கடைப் பையனின் சொல்லுக்கே போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் 1941-இல் இதே பெயரில் தொடங்கிய மாத இதழ் 2009 வரை வந்தது. அதற்குள் வணிகர்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1970-களில் சோளப்பொரியும் ஜெல்லி மிட்டாயும் ‘குர்மே’ ஆயின. ஐரோப்பாவில் பூனைத் தீவனத்துக்கே அந்தப் பெயர். அமெரிக்க உணவுச் சட்டத்தில் இச்சொல்லுக்கு வரையறை ஏதும் இல்லை, யாரும் அச்சிடலாம். பொட்டலத்தின்மேல் அது இருந்தால் விலை கூடுதல் என்று நம்பலாம். சுவைக்கு உத்தரவாதம் இல்லை.