பத்திரமாக வைத்தால் போதுமா? பழைய வீடியோ கேம் கேசட்டுகள் சொல்லும் வரலாறு



போன வருடம் என் முன்னாள் மாணவி ஒருத்தி புலனத்தில் அழைத்தாள். "டீச்சர், நாங்க படிவம் மூன்றில் போட்ட நாடகத்தோட பதிவு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்மா, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அலமாரியில் அந்தக் குறுந்தட்டு உறைக்குள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. கணினியில் போட்டேன். சுற்றியது, நின்றது, திறக்கவில்லை. வேறு இரண்டு கணினிகளிலும் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. வேறு இடத்தில் ஒரு படியும் எடுத்து வைக்கவில்லை.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைக் காப்பாற்றுபவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். "டீச்சர், இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று மாணவர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஓர் ஆவணம் எப்படிப் பிழைக்கிறது, எப்படி அழிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதையை நான் அண்மையில் வாசித்ததில்லை.

கேசட் பிறந்த கதை

1970களின் நடுப்பகுதி வரை வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கும் விளையாட்டுக் கருவிகளில் பெரும்பாலும் விளையாட்டு கருவிக்குள்ளேயே அடங்கியிருந்தது. அது சலித்துவிட்டால் வேறு கருவிதான் வாங்க வேண்டும்.

1976-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனம் 'சேனல் எஃப்' என்ற கருவியை வெளியிட்டது. விளையாட்டைத் தனிக் கேசட்டில் பதிந்து, கருவியில் செருகி, பிறகு எடுத்து மாற்றலாம். விளையாட்டு நிரல் பதிந்த நினைவகச் சில்லைக் கேசட்டுக்குள் வைத்து விற்ற முதல் வீட்டுக் கருவி அதுதான். அடிப்படை யோசனை ஆல்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்திலிருந்து வந்தது. அதைப் பிள்ளைகள் ஆயிரம் முறை செருகி எடுத்தாலும் தாங்கும் பொருளாக மாற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பொறியாளர். 1940-இல் நியூயார்க்கில் பிறந்தவர். துறைசார்ந்த அமைப்பு அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதமே அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1977-இல், அட்டாரி நிறுவனத்தின் கருவி வந்தது. 1980களில் ஜப்பானின் நிண்டெண்டோ வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் தெரியும். கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் வாயில் ஊதி மறுபடியும் செருகுவோம் இல்லையா? அது தப்புங்க. மூச்சில் உள்ள ஈரம் உலோக முனைகளை அரிக்கும்.

இரண்டு வகைச் சில்லுகள்

கடையில் விற்ற கேசட்டுக்குள் பொதுவாக 'மாஸ்க் ரோம்' என்ற சில்லு இருக்கும். தொழிற்சாலையில் சில்லைச் செய்யும்போதே நிரலும் அதன் அமைப்பில் சேர்ந்துவிடும். கல்வெட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிதில் அழியாது. ஆனால், ஆயிரக்கணக்கில் செய்தால்தான் அதற்குச் செலவு கட்டுப்படியாகும்.

விளையாட்டு இன்னும் முடியவில்லை, சோதித்துப் பார்க்க வேண்டும், இதழ்களுக்கு விமர்சனத்துக்கு அனுப்ப வேண்டும், கண்காட்சியில் காட்ட வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? அதற்குத்தான் மாதிரிக் கேசட். ஐந்தோ பத்தோ மட்டும் செய்வார்கள். இதில் பெரும்பாலும் இருந்தது 'ஈப்ரோம்' சில்லு. 1971-இல் இண்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கியது. இதில் நிரல் நுண்ணிய மின்னூட்டமாகத் தேங்கி நிற்கும். சில்லின் மேல் ஒரு சிறிய கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்டினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். மறுபடியும் புதிதாக எழுதலாம். கரும்பலகை மாதிரி.

வசதிதான், ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இண்டெலின் 2716 என்ற ஈப்ரோம் சில்லுக்கான விவரக்குறிப்பைப் பாருங்கள். நேரடி வெயிலில் வைத்தால் ஏறக்குறைய 1 வாரத்தில் அழியும். அறையில் எரியும் குழல் விளக்கு தொடர்ந்து பட்டால் ஏறக்குறைய 3 ஆண்டுகளில் அழியும் என்கிறது. அதனால்தான் சன்னலின் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாளை ஒட்டுவார்கள். ஒட்டுத்தாள் உதிர்ந்துபோன கேசட்டைக் கண்ணாடிப் பேழையில், விளக்கு வெளிச்சத்தில் அழகாக வைத்தால் என்ன ஆகும்? வைத்தவரே அதை அழிக்கிறார்!

இருட்டில் வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை. தேங்கி நிற்கும் மின்னூட்டம் பல ஆண்டுகளில் மெல்லக் கசியும். 1980களின் மாதிரிக் கேசட்டுகளுக்கு இப்போது வயது 35, 40. வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. என் குறுந்தட்டு நினைவுக்கு வருகிறதா?

25 ஆண்டு காத்திருந்த மொழிபெயர்ப்பு

மொழி ஆசிரியர்களான நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1989-இல் ஜப்பானில் நிண்டெண்டோ 'மதர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கதையை எழுதியவர் ஷிகேசாடோ இடோய், அங்கே புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளர். வசனம் நிறைந்த விளையாட்டு அது. நாவல் வாசிப்பது போல வாசித்துக்கொண்டே விளையாட வேண்டும்.

1990-இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு முழுமையாகத் தயாரானது. சொல்லுக்குச் சொல் மாற்றிய வேலை இல்லை அது. ஊர்ப் பெயர்கள் மாறின. சிகரெட் பிடித்த காக்கை அதைக் கைவிட்டது. விரைந்து ஓட ஒரு பொத்தான் சேர்ந்தது. முடிவுக் காட்சி நீண்டது. ஆனால் அடுத்த தலைமுறைக் கருவி சந்தைக்கு வரும் நேரம். பழைய கருவிக்காக இவ்வளவு பெரிய விளையாட்டை அச்சிட்டு விற்பது இலாபமாகாது என்று திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சில மாதிரிக் கேசட்டுகள் மட்டுமே மிஞ்சின.

அவற்றில் ஒன்று பின்னாளில் சேகரிப்பாளர் ஒருவரின் கைக்கு வந்தது. 1998-இல் ரசிகர் குழு ஒன்று பணம் திரட்டி, அந்தக் கேசட்டின் உள்ளடக்கத்தைப் படியெடுத்தது. உடனே சந்தேகம் கிளம்பியது. "இது உண்மையான மொழிபெயர்ப்பா, யாரோ ரசிகர் செய்த போலியா?" என்று பலர் கேட்டார்கள். வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய சரியான கேள்விதான் அது.

பதில் மெல்ல மெல்லத்தான் வந்தது. 2003-இல் ஜப்பானில் வந்த மறுபதிப்பில் ஆங்கிலப் படியில் மட்டுமே இருந்த மாற்றங்கள், நீண்ட முடிவு உட்பட, காணப்பட்டன. 2015 ஜூனில் நிண்டெண்டோவே 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது. அதில் இருந்தது 1990-இன் மொழிபெயர்ப்பேதான்.

கணக்குப் போடுங்கள். மொழிபெயர்த்து முடித்து 25 ஆண்டுகள் கழித்துத்தான் அது முறைப்படி வெளிவந்தது. அதில் கடைசி 17 ஆண்டுகள் ஆங்கில வாசகர் அதை வாசிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், யாரோ எடுத்து வைத்த ஒரு படி. நிறுவனத்திடமும் ஒரு பிரதி இருந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தும் பெட்டிக்குள் இருந்த பிரதியால் அத்தனை ஆண்டுகள் எந்த வாசகருக்கும் பயன் இல்லை.

எது அரிது?

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பொருள் அரிதாக இருப்பது ஒன்று. உள்ளடக்கம் அரிதாக இருப்பது வேறொன்று.

1990-இல் நிண்டெண்டோ அமெரிக்க நகரங்களில் ஒரு போட்டி நடத்தியது. மூன்று விளையாட்டுகளை 6 நிமிடம் 21 விநாடிக்குள் விளையாடிப் புள்ளி எடுக்க வேண்டும். அதற்கான கேசட்டில் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 மட்டுமே பரிசாக வழங்கப்பட்டன. இன்று அதன் விலை நம் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டும். ஆனால் அதன் உள்ளடக்கம் எப்போதோ படியெடுக்கப்பட்டுவிட்டது. கேசட் உடைந்தால் உரிமையாளருக்குத்தான் இழப்பு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். அட்டாரி நிறுவனம் 1983-இல் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014-இல் தோண்டி எடுத்தபோது வெளிவந்த 'ஈ.டி.' கேசட்டுகள் அருங்காட்சியகம் வரை போயின. அந்த விளையாட்டு உலகெங்கும் இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்ததுதான்.

பெயர்கூடத் தெரியாத, ஒட்டுத்தாளில் கையால் எழுதிய ஒரு மாதிரிக் கேசட்டின் நிலை வேறு. அதன் படி வேறெங்கும் இல்லையென்றால் பொருளும் உள்ளடக்கமும் ஒன்றாகவே போய்விடும். விலையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

படியெடுப்பது எப்படி?

ஏடுகளைப் 'படியெடுத்தல்' என்று நம் முன்னோர் சொன்ன சொல் இந்த வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது. முதலில் கேசட்டின் வெளித்தோற்றம், ஒட்டுத்தாள், கையெழுத்து எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். உலோக முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பார்கள். பிறகு படிப்பான் கருவியில் இணைத்துச் சில்லில் உள்ளதை முழுமையாகக் கணினிக்கு மாற்றுவார்கள். ஒரு முறை மாற்றினால் போதாது. மறுபடியும் படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றேதானா என்று சரிபார்ப்பு எண்ணால் ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நாம் பாடபேதம் பார்ப்பது போலத்தான். கடைசியாக, கேசட் யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் படியெடுத்தோம் என்பதை எழுதி, கோப்பை வெவ்வேறு இடங்களில் வைப்பார்கள்.

யார் பக்கம் நியாயம்?

படியெடுப்பதில் எல்லாருக்கும் உடன்பாடு கிடையாது. விளையாட்டின் உரிமை நிறுவனத்துடையது. அனுமதியின்றிப் படியைப் பரப்புவது பல நாடுகளில் சட்டச் சிக்கல். சொந்தப் பணத்தைக் கொட்டி வாங்கிய சேகரிப்பாளர், படி வெளியானால் தன் கேசட்டின் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறார். இரண்டையும் நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறைப்படி விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கடைக்கு வந்தவற்றின் நிலையே இது. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை 2024 அக்டோபரில் அங்கே நிராகரிக்கப்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்திச் சந்தையைக் கெடுப்பார்கள் என்ற அச்சம்தான் காரணம்.

என் கருத்தைக் கேட்டால், படியெடுப்பதும் பரப்புவதும் இரு வேறு செயல்கள். எப்போது, யாருக்குத் திறந்துவிடுவது என்பதைப் பத்து வருடம் கழித்துக்கூட வாதாடி முடிவு செய்யலாம். சில்லில் உள்ளது அதுவரை காத்திருக்காது. அதனால் முதலில் படியெடுத்துவிட வேண்டும்.

நம் அலமாரிக்கு வருவோம்

அந்த வாரக் கடைசியில் என்னிடமிருந்த 14 குறுந்தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 9 திறந்தன. அவற்றை உடனே மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தேன். மாணவியின் நாடகம் அந்த ஒன்பதில் இல்லை. ஆனால் அவள் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா, அரங்கில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் 6 நிமிடம் பதிவு செய்திருக்கிறார். அதை அப்போதே உறவினர் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவரிடமிருந்து கிடைத்தது. படம் ஆடுகிறது, பாதிக் குரல் கேட்கவில்லை. அதைப் பார்த்து அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

ஆசிரியர் நண்பர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் அலமாரியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். மாணவர்களே, கீழ்க்காணும் கேள்விகளைக் கட்டுரைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1. 'பொருள் அரிது', 'உள்ளடக்கம் அரிது' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரையின் சான்றுகளோடு விளக்குக.
2. 1998-இல் கிடைத்த படி உண்மையானது என்பதைப் பிற்காலச் சான்றுகள் எவ்வாறு உறுதி செய்தன?
3. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஓர் ஆவணத்தைப் படியெடுத்துக் காப்பது சரியா? உங்கள் கருத்தைக் காரணங்களோடு 180 சொற்களில் எழுதுக.