துறவு வேடமும் தொழில் உத்தியும்: கே.பி. சுந்தராம்பாளின் திரைவாழ்வு

 செங்கோட்டையில் பிறந்த நாடகக் கலைஞர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் மறைந்தார். அவரை மணந்த கொடுமுடி சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றுமுதல் வெள்ளைச் சேலை. ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. அவரைப் பற்றி எழுதியோர் பலரும் இந்த இடத்தில் கண்கலங்கி நின்றுவிடுகிறார்கள். துயரம் மெய்தான். ஆனால் அந்த உறுதி ஒரு நடிகையின் தொழிலை எவ்வாறு வடிவமைத்தது என்ற கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்துபோகிறது.

வேடங்களை நோக்குவோம். 1935-இல் வந்த நந்தனார் படத்தில் அவருக்கு ஆண் வேடம். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். பிறகு மணிமேகலை, ஔவையார், பூம்புகாரில் கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். ஒருவருக்கும் கதாநாயகன் தேவையில்லை. இல்லறத்துக்கு வெளியே நிற்கும் இத்தனை பாத்திரங்கள் தமிழ் இலக்கியத்திலும் பக்தி மரபிலும் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் தமக்குரிய வேடங்களாக்கிக்கொண்டதில் துறவு மட்டுமல்ல, தொழிலறிவும் இருக்கிறது என்பதே என் வாதம்.

இதற்கான அடித்தளம் நாடக மேடை. 1926-இல் கொழும்பில் கிட்டப்பாவும் அவரும் இணைந்து நடித்தபோது கூட்டம் திரண்டது காதல் காட்சிக்காக மட்டுமல்ல. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் இரண்டு குரல்கள் மோதிக்கொள்வதைக் கேட்கவும்தான். நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகிச் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் உருவத்தைவிடக் குரலுக்கே மதிப்பு அதிகம். பெண் ராஜபார்ட் எனும் ஆண் நாயக வேடம் கட்டுவதும் அங்கே புதுமையன்று. ஆகவே நந்தனார் வேடத்தைத் திரையுலகின் விந்தையாகக் காண்பதைவிட, மேடை வழக்கத்தின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருந்தும்.

முதுமையையும் அவர் இப்படித்தான் கடந்தார். ஜெமினியின் ஔவையார் வெளியான 1953-இல் அவருக்கு 45 வயதுகூட நிறையவில்லை. அதே ஆண்டில், நாற்பதை எட்டிய ஹாலிவுட் நடிகை லொரெட்டா யங் தம் பெயரிலேயே தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, 1961 வரை நடத்தினார். திரையுலகம் நடிகையின் வயதை எண்ணத் தொடங்கியபோது, அவர் வேறு ஊடகத்துக்குப் போனார். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1975-இல். சுந்தராம்பாளோ வயதையே வேடமாக்கி, படத்தின் நடுநாயகமாக நின்றார்.

கைம்பெண் கோலத்தைச் சமூகம் எதிர்பார்த்ததுதானே, இதில் தேர்வு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அக்கோலம் வழக்கமாகப் பெண்ணைப் பார்வையிலிருந்து ஒதுக்குவது. இங்கே அதுவே மேடைக்கு நடுவில் அவருக்கு இடம் தந்தது. அந்த இடத்துக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மொத்தப் படங்கள் மிகக் குறைவு. காதல், நகைச்சுவை, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றில் அவர் என்ன செய்திருப்பார் என்பதற்குத் திரையில் பெரிதாகச் சான்றில்லை.

1969-இல் வந்த துணைவன் படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது அது. திரையில் தாமே தோன்றி, தம் குரலிலேயே பாடிய ஒருவருக்கு.