சோறு போட்டால் ஆறு மாதம்

அரியமங்கலத்தில் விடிகாலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல் பென்ஷன்காரர்கள். டாக்டர் சொன்னதால் நடக்கிறோம். மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் அன்றைய சாதனை முடிந்தது. இதே திருச்சியிலிருந்து ஒரு தடவை சுமார் 240 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். அந்த உப்பு யாத்திரையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் நடந்தவர்களுக்கு வழியில் சோறு போட்டவர்களைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

1930 ஏப்ரல் 6-ஆம் தேதி காந்திஜி தண்டியில் உப்பெடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13 அதிகாலையில், திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். டாக்டர் ராஜன் நம் ஸ்ரீரங்கத்துக்காரர். ராஜாஜிக்கு அப்போது 51 வயது. பாடிக்கொண்டு நடப்பதற்கென்றே நாமக்கல் கவிஞர் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்.

சித்திரை வெயிலை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணை இன்னும் கட்டி முடியாத காலம். கோடையில் காவிரி என்றால் மணல்தான். அதில் நாளொன்றுக்குச் சராசரி பத்து மைல் நடை. போகிற ஊர்களில் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பேச வேண்டும், சேரிகளுக்குப் போக வேண்டும். நடுவில்தான் ஓய்வு.

ஓய்வுக்கு இடமும் சாப்பாடும் வழியில் உள்ள ஊர்கள்தான் கொடுத்தாக வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே.ஏ. தோர்ன் கை வைத்ததும் அங்கேதான். ஊர்வலத்தைத் தடியால் அடித்துக் கலைப்பதைவிட, பட்டினி போட்டுக் கலைப்பது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். யாத்திரிகர்களுக்கு உணவோ, தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவு போட்டார். துண்டுப் பிரசுரமாகவும், தண்டோராவாகவும் அது ஊர் ஊராகப் போயிற்று.

எந்த ஜில்லாவில் இந்த உத்தரவு என்பதை யோசித்துப் பாருங்கள். ராமேஸ்வர யாத்திரை போகிறவர்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்ட ஜில்லா. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ராஜ்யமே கைவிட்டுப் போகிற நேரத்திலும், சத்திரங்களின் தர்மம் நின்றுவிடக் கூடாது என்று கம்பெனியாரிடம் எழுதிக் கேட்டவர் அவர். அந்த மண்ணில், நடந்து வந்தவனுக்குச் சோறு போடுவது குற்றம் ஆயிற்று.

ஜனங்கள் பயப்படாமல் இல்லை. சத்திரக்காரர்கள் சிலர் தயங்கினார்கள். குடும்பம் குட்டி உள்ளவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் உத்தரவையும் மீறாமல், வந்தவர்களையும் பட்டினி போடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரக்கிளைகளில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது, சோற்றுப் பாத்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாரோ சாடையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மரத்தில் தொங்கும் பொட்டலத்துக்கு யாரைப் பிடித்து ஜெயிலில் போடுவது?

வெளிப்படையாகவே செய்தவர்களும் உண்டு. கும்பகோணத்தில், முன்பு சட்டசபையில் இருந்த பந்துலு ஐயர் தம் வீட்டிலேயே தங்க வைத்து விருந்து வைத்தார். கைதாகிச் சிறைக்குப் போனார். திருத்துறைப்பூண்டியில் சத்திரத்தில் இடம் கொடுத்த ராமச்சந்திர நாயுடுவும் கைதானார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது பெரிய விலை. தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 28-இல் யாத்திரை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. வரவேற்றவர் உப்பு வியாபாரத்தில் இருந்த வேதரத்னம் பிள்ளை. 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். ஆறு மாதத் தண்டனை விதித்து, அவரைத் திருச்சி ஜெயிலுக்கே கொண்டு வந்தார்கள். பதினைந்து நாள் நடந்து போன தூரத்தைத் திரும்பி வந்தது சர்க்கார் செலவில்!

அந்தச் சமயத்தில் வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், ஒருவருக்குப் பாதிச் சவரம் செய்திருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்து, மீதியைச் செய்ய மாட்டேன் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். அவருக்கு அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. வேதரத்னம் பிள்ளை சிறை சென்றார், சொத்தும் பறிபோயிற்று. ஆனாலும் 1946-இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார்.

தோர்ன் தம் மேலிடத்துக்கு எழுதியதுதான் இதில் முக்கியம். சர்க்கார் மேல் மக்களுக்கு இருந்த விசுவாசம் அடியோடு போய்விட்டது என்ற பொருளில் எழுதினார். உப்பெடுத்ததைவிட, சோறு போட்டதுதான் அவருக்கு அதை உணர்த்தியிருக்கும் என்று நினைக்கிறேன். காங்கிரஸ் தொண்டன் உப்பெடுப்பான் என்பது சர்க்காருக்குத் தெரிந்ததே. சாதாரணக் குடித்தனக்காரனும் கலெக்டர் பேச்சைக் கேட்க மாட்டான் என்பதுதான் புதிது.

இன்று நம் தஞ்சாவூர் ரோட்டில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தஞ்சையில் இறங்கிவிடலாம். பேரப்பிள்ளைகளோடு போகும்போது வழியில் பழைய சத்திரம் ஏதாவது கண்ணில் பட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ராஜாஜியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மரத்தில் பொட்டலம் கட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. நாம் சொன்னால்தான் உண்டு.